கடுகுப் போத்தலில் ஒளித்த பால் மருந்து

என் கணவரின் பெரியப்பாவுக்கும் (எனக்குப் பெரியமாமா), அவரோடு பந்தியில் இருந்த முப்பது பேருக்கும் தாய்ப்பால் சுரக்கும் மருந்தைத் தின்னக் கொடுத்தவள் நான். இன்றுவரை ஒருவரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்கிற எண்ணமும் இல்லை.

மகள் பிறந்தபோது லண்டனில் மிச்சம் என்கிற இடத்தில் இருந்தோம். எனக்குப் பால் போதவில்லை. வருகிற சனமெல்லாம் கோட்டைக் கழற்றுமுன்னே "பால் காணுதோ?" என்றார்கள். "ஓம், தாராளம்" என்று புளுகிவிட்டு, அறையைப் பூட்டிக்கொண்டு டின் பால்மாவைக் கரைத்து மாப்பால் கொடுத்தேன். (களவெடுத்தவள்கூட அவ்வளவு பதுங்கியிருக்கமாட்டாள்.)

என் அழுகையைக் கண்ட பக்கத்து வீட்டுச் சீனத்துச் சிநேகிதி மேய், ஒரு பை நிறையச் சின்னக் கறுப்பு விதைகள் தந்தாள். பால் சுரக்கவும் மாதவிடாய் ஒழுங்காக வரவும் அவர்கள் காலங்காலமாகக் கொடுக்கிற மருந்தாம். பன்றிக்கால் சூப்பில் அவிக்க வேண்டுமாம். எங்களுடையது சுத்த சைவ வீடு. கூட இருந்த மாமி (கணவரின் அம்மா) குளிக்கப் போகிற நேரம் வெறும் தண்ணீரில் அவித்துக் குடித்தேன். மீதியை வெறுமையாகக் கிடந்த கடுகுப் போத்தலில் கொட்டி ஒளித்தேன். பார்க்க அசல் கடுகு. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன். பிள்ளை பெற்ற துடக்கு, தீட்டு என்று என்னை அடுப்படிக்கே விடாத வீட்டில், சமைப்பது மாமிதான் என்பது அந்த மூளைக்கு எட்டவில்லை.

முப்பத்தோராம் நாள், துடக்குக் கழிவு. மாமி சாம்பார், ரசம், பருப்பு எல்லாவற்றையும் அதிலேயே தாளித்துவிட்டார். "இந்தக் கடுகில வாசமே இல்லை" என்று இரட்டிப்பாகவும் போட்டாராம். பந்தி நடக்கும்போது பரிசோடு வந்த மேய், பெரியமாமாவின் சாப்பாட்டுக் கோப்பையை எட்டிப் பார்த்தாள். சிரித்துக்கொண்டே எல்லோருக்கும் ஆங்கிலத்தில் விளக்கம் சொன்னாள். அத்தனை கைகளும் அந்தரத்தில் நின்றன.

மாமி என் பக்கம் திரும்பினார். "பால் தாராளம் எண்டு சொன்னனீ. பிறகேன் மருந்து?"

பயம் வரவேண்டிய இடத்தில் எனக்குக் கோபம் வந்தது.

"காணாது மாமி! மாப்பால்தான் குடுக்கிறன். இனியும் குடுப்பன். ஆரும் ஒண்டும் கேக்கக் கூடாது!"

பெரியமாமா நெஞ்சைத் தடவியபடி கேட்டார்: "அது சரி பிள்ளை, இப்ப எனக்கு என்ன செய்யும்?"

"எனக்கே வரேல்லை, உங்களுக்கு வரப்போகுதே? சாப்பிடுங்கோ!"

மாமி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினார். அழுகிறார் என்று நினைத்தேன். சிரிப்பை அடக்கியிருக்கிறார்.

போன வருடம் கணவரின் தங்கை, என் மச்சாள், பிள்ளை பெற்றாள். அவள் வீட்டு முப்பத்தொன்றுச் சாப்பாட்டில் ஒரு அன்ரி "பால் காணுதோ?" என்று தொடங்க, பெரியமாமா கையை உயர்த்தினார்.

"அந்தக் கதையை விடுங்கோ. கேட்டால் எங்களுக்குத்தான் தாளிப்பினம்."

மச்சாள் நிம்மதியாகச் சோற்றைப் பிசைந்தாள்.