ஏழாம் நாளில் மண்வெட்டி

நம் பாபிலோனில் எந்தத் தெருவில் மண்ணாங்கட்டியை விட்டெறிந்தாலும், நாள் பார்க்கும் ஆசாமி ஒருவர் தலையில்தான் விழும். நாள் பார்ப்பது வேறு, வேலை பார்ப்பது வேறு. இரண்டையும் சேர்த்துச் செய்தவரை நான் கண்டதில்லை.

என் பக்கத்து வயல்காரர் லபாஷி இந்த இனத்தில் முதல் தரம். இன்று எந்தத் தெய்வத்துக்குக் கோபம், என்றைக்கு வெங்காயம் ஆகாது, எந்த நாளில் மருத்துவர் நோயாளியைத் தொடக்கூடாது, எல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். தலை மழிக்க, வழக்குக்குப் போக, மாமியார் வீட்டுக்குப் போகாமலிருக்க, எல்லாவற்றுக்கும் நல்ல நாள் வைத்திருக்கிறார். வாய்க்கால் கரையைச் சரிசெய்ய மட்டும் ஒன்றும் வாய்க்கவில்லை. விருந்துக்கு ஆகாத நாள் என்று அவர் சொல்லி யாராவது கேட்டிருக்கிறீர்களா?

நிசான் மாதம். வாற்கோதுமை அறுவடைக்கு நிற்கிறது, ஆற்றில் வெள்ளம், லபாஷியின் கரையில் கசிவு. கரை போனால் அந்த வருடச் சாப்பாடு போச்சு. அன்று பார்த்து ஏழாம் நாள்; மாதத்தில் ஏழு, பதினாலு என்று வரும் ஆகாத நாட்களில் முதலாவது. அவர் மனைவி நுப்தா மண்வெட்டியை நீட்டினாள்.

"ராஜாவே தேர் ஏறாத நாளுடி. நான் மண்வெட்டியைத் தொடலாமா? விடியட்டும்."

"ஆத்துக்கு இன்னிக்கு நல்ல நாள் போல இருக்கே," என்று சொல்லிவிட்டு அவளே இறங்கினாள். நான் நாணல் கட்டுகளைத் தூக்கிப் போட்டேன். பொழுது சாயும்வரை அவள் இடுப்பளவு சேற்றில் நின்று அடைக்க, லபாஷி மேலே நின்றுகொண்டு அவளுக்காகத் தெய்வத்திடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் நல்ல நாள். குளித்து, சலவை உடுத்தி, தெய்வத்துக்குப் பீர் ஊற்றி, ஒரு கூடை மண்ணைக் கரைமேல் கொட்டிக் காலால் இரண்டு தட்டுத் தட்டினார். கரை அசையவில்லை.

"நாள் பாத்து அடைச்சா எப்பிடி நிக்குது பாத்தீங்களா?"

இப்போது தெருவே அவரிடம்தான் நாள் கேட்கிறது. நுப்தா அன்று பிடித்த காய்ச்சலில் கிடக்கிறாள். இன்று நான் போய் மருத்துவரைக் கூப்பிட்டேன். பதினாலாம் நாளாம், கை வைக்க மாட்டாராம். சந்தேகமிருந்தால் லபாஷியையே கேட்டுக்கொள்ளச் சொன்னார்.

சிரித்துக்கொண்டிருந்தீர்கள், இல்லையா? உங்களுக்கும் 'இன்று வேண்டாம்' என்று தள்ளிவைத்த வேலை ஒன்று இருக்கும். அதை உங்களுக்காகச் சேற்றில் நின்று யார் செய்துகொண்டிருக்கிறார்கள் என்று ஒரு தடவை எட்டிப் பாருங்கள். அதற்கும் நாள் பார்க்காதீர்கள்.