தடித்துச் சாய்ந்த மச்சான்கள்

"நான் எதுக்கு மாப்ள அவனப் பாத்துக் குனிஞ்சு நிக்கணும்?" என்று போனில் கேட்டார் பெரிய மச்சான் செல்லச்சாமி.

சேதுபதி விழித்தான். காதுகுத்து ஃபிளெக்ஸ் போர்டின் மாதிரியை இப்போதுதான் அனுப்பியிருந்தான். போட்டோவில் மச்சான் நிமிர்ந்துதான் நின்றார். அவர் சொன்னது எழுத்தை.

எழுத்துரு வடிவமைப்பதுதான் சேதுபதியின் பிழைப்பு. ஆர்.எஸ்.மங்கலத்தில் அதைச் சொன்னால், எழுத்துத்தான் ஏற்கெனவே இருக்கிறதே என்பார்கள். அந்த ரோஷத்தில் 'சமன்' என்று ஒன்றை உருவாக்கியிருந்தான். ஒல்லி 'ர'வுக்கும் குண்டு 'ணை'க்கும் அதில் ஒரே அகலக் கட்டம். தூரத்திலிருந்து தெரியத் தடிமன், அழகுக்கு வலப்பக்கச் சாய்வு.

மகளை மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்த வேண்டும். மனைவி சத்யப்பிரியாவின் இரண்டு அண்ணன்களோ, கோயில் விழா போர்டில் யார் பேர் பெரிது என்ற சண்டையில் பேச்சை நிறுத்தியவர்கள். ஒருவர் முறுக்கினாலும் விசேஷம் நின்றுவிடும். சமனில் செல்லச்சாமிக்கும் ஆறு கட்டம், பாண்டித்துரைக்கும் ஆறு கட்டம். கீழே, 'அழைப்பது சேதுபதி'. குடும்பச் சண்டையைத் தொழில்நுட்பத்தால் தீர்த்த முதல் மருமகன் தானே என்று நம்பினான்.

சாய்வைத்தான் மறந்துவிட்டான். இடப்பக்கம் இருந்த அண்ணன் பேர், வலப்பக்கம் இருந்த தம்பியைக் கும்பிடுவது போல வளைந்திருந்தது.

அதை மட்டும் எதிர்ப்பக்கம் சாய்த்து அனுப்பினான். உடனே சின்ன மச்சான் பாண்டித்துரை கூப்பிட்டார்.

"எங்கண்ணன் எனக்கு முதுகக் காட்டுறத ஊருக்கே போர்டு வச்சுச் சொல்லப்போறீகளா மாப்ள?"

இரண்டையும் உள்பக்கம் சாய்த்தான். கிடாய்கள் முட்டிக்கொள்வது போலிருந்தது. மேலும் கீழுமாகப் போட நினைத்தான். மேலே யார் என்று யோசித்ததும் வியர்த்துவிட்டது.

சாய்வையே எடுத்துவிடச் சொன்னாள் சத்யப்பிரியா. எடுத்தால் அது சமனே இல்லை என்று படைப்பாளியாக முறைத்துப் பார்த்தான்.

"ஒங்க எழுத்து முக்கியமா, பிள்ள காது முக்கியமா?" என்றாள்.

மனம் நொந்து எழுத்தை நிமிர்த்தினான். உப்பூரில் ஃபிளெக்ஸ் கடை வைத்திருக்கும் ஷாகிருக்கு அனுப்பினான். அதன்பின் எந்த மச்சானும் கூப்பிடவில்லை. அதுவே பயமாக இருந்தது.

விசேஷத்தன்று மச்சான்கள் இருவரும் போர்டின் கீழ் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு காது பெரியவர் மடியில், மறு காது சின்னவர் மடியில் என்று அவர்களே பேசி முடித்திருந்தார்கள். சேதுபதிக்குக் கண் கலங்கிவிட்டது. அண்ணாந்து மச்சான்கள் பேரில் ஒவ்வொரு எழுத்தின் வளைவையும் ரசித்தான். பந்தியில் ஷாகிரைப் பிடித்து உட்காரவைத்து, சமமாக இருந்தால் சண்டையே வராது என்று தன் எழுத்தின் தத்துவத்தை விளக்கினான்.

ஷாகிர் அப்பளத்தை நொறுக்கினான்.

"பெரியவரு கடைக்கு வந்து, தம்பி பேரவிட எம்பேர ஒரு சுத்துப் பெருசாப் போடு, மாப்ளைக்குத் தெரிய வேணாம்னாரு. அவரு போகவும் சின்னவரு வந்து அதையேதான் சொன்னாரு. ரெண்டு பேருக்கும் போட்டுட்டேன். ஒங்க எழுத்துல எதையும் ஒடுக்க முடியலண்ணே, எடம் பத்தல. அதான் ஒங்க பேரத் தூக்கிட்டேன்."