கழற்ற முடியாத பல்

இனி தன் வாயிலிருந்து ஒரு பல்லையும் எவரும் கழற்ற முடியாதபடி செய்துவிடுவது என்று ஏலக்காரர் அன்று காலை சபதம் எடுத்தார். சபதத்தை உரக்கச் சொல்லத்தான் முடியவில்லை. பல் சமையலறையில் இருந்தது.

ஏலக்காரர் என்றால் லேசுப்பட்ட ஆள் இல்லை. அவர் மேடையேறினால் கால் ஆடுகிற நாற்காலி அரியணை விலைக்குப் போகும். வாங்கியவர் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பார்க்கிறவரை சந்தோஷமாகவே இருப்பார். அப்பேர்ப்பட்டவர் ஒருநாள் இரும்பு பீரோ ஒன்றின் விலையை ஏற்றிக்கொண்டே, உற்சாகத்தில் முன்னால் முன்னால் நடந்தார். விலை முடியவில்லை, மேடை முடிந்துவிட்டது. மேல்வரிசை முன்பற்கள் நான்கும் அங்கேயே போயின. பீரோ நல்ல விலைக்குப் போனதாகப் பிறகு சொன்னார்கள்.

அதற்கப்புறம் வந்ததுதான் பல்செட்டு. நாலு பல், ரோஸ் நிறத்தில் ஒரு தகடு, இரண்டு பக்கமும் கம்பிக் கொக்கி. மாட்டினால் பேச்சு, கழற்றினால் காற்று.

அவருடைய மனைவி அந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கத் தலைவி. தண்ணீர்த் தொட்டி, லிஃப்ட், வண்டி நிறுத்தும் இடம் எல்லாவற்றிலும் அவர் வைத்ததுதான் சட்டம். எதிர்த்துப் போட்டியிட ஆளே கிடையாது. வெளியே இத்தனை பெரிய நிர்வாகம் நடத்துகிறவர், வீட்டுக்குள் ஒரே ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு ஆட்சி நடத்தினார்.

"மொட்டைமாடி ரூமைப் பூட்டி வச்சு என்னத்தைக் கண்டே? நாங்க நாலு பேர் உக்காந்து கேரம் ஆடினா கட்டடம் இடிஞ்சு விழுந்துடுமா? ஒரு தலைவர்னா எல்லார் மனசையும்..."

"என்னங்க, ஒரு நிமிஷம். பல்லுல என்னமோ ஒட்டியிருக்கு. கழட்டுங்க, கழுவித் தர்றேன்."

அவ்வளவுதான். கை தானாக வாய்க்குப் போகும். பல் தானாக மனைவி கைக்குப் போகும். தலைவியம்மா பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு, நிதானமாக, ஒவ்வொரு பல்லாகத் தேய்ப்பார். திரும்பி வருவதற்குள் ஏலக்காரருக்கு வாக்கியமும் மறந்திருக்கும், கோபமும் ஆறியிருக்கும்.

வீட்டுக்குள் நடந்தால் யாருக்குத் தெரியப்போகிறது? போன வருஷப் பொதுக்குழுவில் நடந்ததுதான் அவர் நெஞ்சில் முள்ளாகத் தைத்துக்கிடந்தது. குடியிருப்பே கூடியிருக்க, கேரம் அறைக்காக எழுந்து நின்று "பெரியோர்களே" என்று ஆரம்பித்தார். மேடையில் இருந்த தலைவியம்மா இறங்கி வந்து, கைக்குட்டையை விரித்துக் காதோரம் ஏதோ சொன்னார். இவர் கழற்றிக் கொடுத்துவிட்டார்! கூட்டம் முடிகிற வரை அவருடைய பேச்சு மொத்தமும் மனைவியின் கைப்பைக்குள் இருந்தது. அன்று இரவு ஏலக்காரர் சாப்பிடவில்லை. ஒரே ஒரு முறை, நாலு பேர் முன்னால், ஆரம்பித்த வாக்கியத்தை முடிக்க வேண்டும். தலைவர் பதவிக்கே நிற்க வேண்டும். இந்த ஜென்மத்தில் அவருக்கு வேறு ஆசை இல்லை.

எதிர்வீட்டுக் கண்ணாடிக் கடைக்காரர்தான் வழி சொன்னார். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர், கேரம் ஆட்டத்தில் ஏலக்காரருக்கு ஜோடி.

"அண்ணே, இப்பல்லாம் பல்லை எலும்புலயே திருகி வச்சுடறாங்க. இம்ப்ளான்ட்டுங்கறாங்க."

"திருகினா?"

"திருகினதுதான். நீங்களே நினைச்சாலும் கழட்ட முடியாது."

"அவ நினைச்சா?"

கண்ணாடிக் கடைக்காரர் கொஞ்சம் யோசித்தார். "அவங்களாலயும் முடியாதுண்ணே. அதுக்குத் தனி ஸ்க்ரூ டிரைவர் வேணும். டாக்டர்கிட்ட மட்டும்தான் இருக்கும்."

"தம்பி, நான் தலைவர் தேர்தல்ல நிக்கறேன்."

"தோத்துட்டா?"

"மண்ணைக் கவ்வறதுக்கும் பல்லு வேணும்ல. முதல்ல அதை வைப்போம். ஜெயிச்சா கேரம் ரூம் சாவி உன் கையில."

இருவரும் மனைவிமாருக்குத் தெரியாமல் பல் டாக்டரம்மாவிடம் போனார்கள். அவர் இளவயதுக்காரர், பேச்சில் கண்டிப்பு. ஏலக்காரர் நாற்காலியில் சாய்ந்ததும் டாக்டரம்மா முதல் குண்டைப் போட்டார்.

"ஐயா, கேக்கறவங்க எல்லாருக்கும் இதை வச்சிட முடியாது. நீங்க இதுக்குத் தகுதியான ஆளான்னு முதல்ல பாக்கணும்."

ஏலக்காரர் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார். கல்யாணமான நாள் முதல் எந்தப் பரீட்சையிலும் அவர் தேறியதாக வீட்டில் யாரும் சொன்னதில்லை.

"சிகரெட் பிடிப்பீங்களா? பிடிச்சா புண்ணு ஆறாது, எலும்பு திருகாணியைப் பிடிக்காது."

"விட்டுட்டேன் டாக்டரம்மா. மன உறுதி!"

மொட்டைமாடியில் ஒளிந்து பிடித்துக்கொண்டிருந்தார். தலைவியம்மா மொட்டைமாடியைப் பூட்டினார். இதுதான் மன உறுதியின் வரலாறு.

"சர்க்கரை?"

ரத்தம் எடுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் முடிவு வந்தது. மூன்று மாதச் சராசரி தங்கம் போல இருந்தது. "எல்லாம் கட்டுப்பாடுதான்" என்றார் ஏலக்காரர். பிஸ்கட் டப்பா எந்த அலமாரியில் இருக்கிறது என்பதே அவருக்குத் தெரியாது என்ற விஷயத்தை டாக்டரம்மாவும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை.

"ரத்தம் உறையாம இருக்க மாத்திரை, எலும்புக்கு ஊசி, அந்த மாதிரி ஏதாவது?"

"ஒண்ணும் கிடையாது."

"ராத்திரி தூக்கத்துல பல்லை நறநறன்னு கடிப்பீங்களா?"

"பகல்லதான் டாக்டரம்மா. அதுவும் மனசுக்குள்ள."

டாக்டரம்மா சிரிக்காமல் அடுத்ததற்குப் போனார். தாடையை ஸ்கேன் எடுக்க வேண்டும். ஒரு இயந்திரம் ஏலக்காரரின் தலையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. படத்தைத் திரையில் போட்டு, பெரிதாக்கி, அளந்து, டாக்டரம்மா "ம்ம்" என்றார். அந்த "ம்ம்" ஏலக்காரருக்குப் பிடிக்கவில்லை. தன் வீட்டில் அதைக் கேட்ட பிறகு நல்லது எதுவும் நடந்ததில்லை.

"பல் போன இடத்துல எலும்பு சும்மா இருக்காது ஐயா. வேலை இல்லன்னா கரைய ஆரம்பிச்சுடும். உங்களுக்கும் கரைஞ்சிருக்கு."

ஏலக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. பேச ஆசைப்பட்டு வந்தவனுக்குப் பேசாமல் இருந்ததாலேயே எலும்பும் போய்விட்டதா என்று நொந்துகொண்டார். கண்ணாடிக் கடைக்காரர் அவர் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"பயப்படாதீங்க. மிச்சம் இருக்கறது போதும். இன்னும் ஒரு வருஷம் விட்டிருந்தீங்கன்னா வேற இடத்து எலும்பு வச்சுக் கட்டியிருக்கணும்."

கடைசியாகப் பல்செட்டை வாங்கி விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஈறை அழுத்திப் பார்த்தார். முகத்தில் முதல்முறையாக ஒரு ஆச்சரியம் தெரிந்தது.

"இது எத்தனை வருஷத்துப் பல்செட்டு? இவ்வளவு சுத்தமா நான் பார்த்ததே இல்லையே! ஈறு சின்னப்புள்ளை ஈறு மாதிரி இருக்கு. ஒரு நாளைக்கு எத்தனை தடவை கழுவறீங்க?"

"அது... அன்னன்னிக்கு வீட்டுல நடக்கற பேச்சுவார்த்தையைப் பொறுத்தது."

"வாயை இப்படி வச்சிருக்கறவங்களுக்குத்தான் இம்ப்ளான்ட் நிலைக்கும். இதுக்கு நீங்க முழுத் தகுதி."

"இன்னொரு தடவை சொல்லுங்க டாக்டரம்மா."

"நீங்க முழுத் தகுதி."

"தம்பி, கேட்டியா?"

"கேட்டேண்ணே."

ஏலக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. மனைவியின் ஆயுதமே தனக்குச் சான்றிதழ் வாங்கிக் கொடுத்துவிட்டது! கழுவிக் கழுவி அவரே தன் எதிரியை வளர்த்திருக்கிறார்! நாற்காலியில் சாய்ந்தபடியே தலைவர் பதவி ஏற்பு உரையின் முதல் நாலு வரியை மனதுக்குள் தயார் செய்துகொண்டார். டாக்டரம்மா மேற்கொண்டு சொன்னதில் பாதிதான் காதில் விழுந்தது. முதலில் எலும்பில் திருகாணி. எலும்பு அதைப் பிடித்துக்கொள்ள நாலு மாதம். அதன் பிறகே அதன் மேல் பல். திருகாணி வைத்த உடனே இரண்டு வாரத்துக்குப் பல்செட்டைத் தொடவே கூடாது, வாயை ரொம்ப அசைத்துப் பேசவும் கூடாது.

படியிறங்கும்போது கண்ணாடிக் கடைக்காரர் கணக்குப் போட்டார்.

"நாலு மாசம்னா, பொதுக்குழுவுக்குள்ள வந்துடுமாண்ணே?"

"பொதுக்குழு எப்பவும் வருஷக் கடைசிலதானே. அதுக்கு ஒரு மாசம் முன்னாடியே பல்லு முளைச்சிடும்."

"தேதி வைக்கறது தலைவியம்மாதானே?"

"வருஷக் கடைசின்னா வருஷக் கடைசிதான். அவளுக்கு என்ன தெரியும்?"

அடுத்த வாரம் திருகாணி வைத்தாயிற்று. மரத்துப்போக ஊசி போட்டதில் வலி தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் ஏலக்காரர் சிரித்துக்கொண்டேதான் படுத்திருப்பார். மேல் உதடு வீங்கி மூக்கைத் தொட, வாயில் தையலோடு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தார். கண்ணாடிக் கடைக்காரர் பின்னாலேயே வந்தார்.

தலைவியம்மா பதறிப்போய் எழுந்தார். "ஐயய்யோ! என்னாச்சு? யார் அடிச்சா?"

ஏலக்காரர் சட்டைப் பையிலிருந்து பல்செட்டை எடுத்தார். மேஜைமேல், மனைவிக்கு நேர் எதிரே, டக்கென்று வைத்தார். எடுத்துக்கொள், இனி இது எனக்கு வேண்டாம் என்று கையாலேயே சொன்னார். எத்தனையோ மேடைகளில் சுத்தியலைத் தட்டியவர்தான், ஆனால் இப்படி ஒரு வெற்றிச் சத்தத்தை அவர் கேட்டதே இல்லை.

"அண்ணனுக்கு எலும்புலயே பல்லு வைக்கறாங்க அக்கா" என்றார் கண்ணாடிக் கடைக்காரர். "ஸ்க்ரூ. யாராலயும் கழட்ட முடியாது. எல்லா டெஸ்ட்லயும் பாஸு. டாக்டரே சொன்னாங்க, முழுத் தகுதின்னு."

தலைவியம்மா கணவரைப் பார்த்தார். பல்செட்டைப் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. சந்தோஷம்கூட இருந்தது. அதுவே ஏலக்காரரை உஷார்ப்படுத்தியிருக்க வேண்டும்.

"நல்ல காரியம்தான் பண்ணியிருக்கீங்க. நானே சொல்லணும்னு இருந்தேன், ஊசின்னா ஓடிடுவீங்களேன்னு சொல்லல. அப்ப இந்தப் பல்செட்டு?"

"ரெண்டு வாரம் தொடவே கூடாதாம் அக்கா."

"ரெண்டு வாரமா? பேசலாமா?"

"கூடாதாம்."

"ஐயோ பாவம்!" தலைவியம்மா ஓடிப்போய்ப் பனிக்கட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்து, கணவரைச் சோபாவில் உட்காரவைத்து, கன்னத்தில் பக்குவமாக ஒற்றினார். தலையைத் தடவிக் கொடுத்தார். ஏலக்காரருக்கு மனம் இளகிவிட்டது. இவ்வளவு நல்லவளையா தோற்கடிக்கப் போகிறோம் என்று ஒரு கணம் வருத்தமாகக்கூட இருந்தது.

இன்னொரு கையால் தலைவியம்மா போனை எடுத்தார்.

"ஹலோ, செயலாளரா? இந்த வருஷப் பொதுக்குழுவைக் கொஞ்சம் முன்னாடியே வச்சுடலாம்னு இருக்கேன். ஆமா, தலைவி நினைச்சா முன்கூட்டியே கூட்டலாம்னு விதி இருக்கே. ஒரு வாரம் முன்னாடி சொன்னாப் போதும். அடுத்த ஞாயித்துக்கிழமை வச்சுக்கலாம்."

"ஊம்! ஊம்ம்!" என்று ஏலக்காரர் துள்ளி எழுந்தார்.

"அசையாதீங்க, தையல் பிரிஞ்சுடும்." போனில் தொடர்ந்தார். "யாரு, இவரா? சரிங்கறார்."

"ஊம்ம்ம்ம்!"

"ரொம்பச் சரிங்கறார்."

ஞாயிற்றுக்கிழமை, வண்டி நிறுத்தும் இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டுக் குடியிருப்பே கூடியது. ஏலக்காரர் முன்வரிசையில் வீங்கிய உதட்டோடு உட்கார்ந்திருந்தார். ஆனாலும் அவர் நம்பிக்கையை விடவில்லை. தனக்குப் பதிலாகக் கண்ணாடிக் கடைக்காரர் எழுந்து, வேட்பாளர் பெயரை முன்மொழிந்து, தயாரித்த உரையையும் பேசுவதாக ஏற்பாடு. இரவெல்லாம் சைகையிலேயே ஒத்திகை பார்த்திருந்தார்கள்.

"தலைவர் பதவிக்கு வேற யாராவது நிக்கறாங்களா?" என்று மேடையிலிருந்து தலைவியம்மா கேட்டார்.

ஏலக்காரர் முழங்கையால் இடித்தார். கண்ணாடிக் கடைக்காரர் எழுந்தார்.

"எல்லாருக்கும் வணக்கம். நான் இப்ப முன்மொழியப்போறது..."

"ஒரு நிமிஷம் தம்பி" என்றார் தலைவியம்மா. "அதுக்கு முன்னாடி ஒரு அறிவிப்பு. மொட்டைமாடி ரூமைக் கேரம் ஆடறதுக்குத் திறந்து விடலாம்னு இருக்கேன். பொறுப்பா சாவியை வச்சுக்க ஒரு நல்ல ஆள் வேணும். நீங்க வச்சுக்கறீங்களா?"

கண்ணாடிக் கடைக்காரர் சாவியைப் பார்த்தார். ஏலக்காரரைப் பார்த்தார். மறுபடி சாவியைப் பார்த்தார்.

"நான் முன்மொழியப்போறது நம்ம அக்காவைத்தான்!"

கைதட்டல் கூரையைப் பிளந்தது. ஏலக்காரர் பொறுக்க முடியாமல் எழுந்து நின்றார். தையலாவது மண்ணாங்கட்டியாவது! வாயைத் திறந்தார். "ஃபெழியோழ்களே" என்று ஒரு காற்று வந்தது. முன்வரிசைக் குழந்தை ஒன்று சந்தோஷமாகச் சிரித்தது.

"வீட்டுக்காரரே எழுந்து நின்னு வாழ்த்தறார் பாருங்க!" என்றார் செயலாளர். மறுபடி கைதட்டல். தலைவியம்மா ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

கூட்டம் கலையும்போது கீழ்வீட்டுக்காரர் ஒருவர் எட்டிக் கேட்டார். "தலைவியம்மா, அடுத்த பொதுக்குழு எப்போங்க?"

தலைவியம்மா கணவரின் உதட்டைப் பரிவோடு ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார்:

"பல் டாக்டரைக் கேட்டுட்டுச் சொல்றேன்."