வரிசை எண் ஒன்று, மாணிக்கம்

எனக்கு ஒரு வியாதி உண்டு. எதைப் பார்த்தாலும் வரிசைப்படுத்தி எண் போட்டுவிடுவேன். கொடியில் காயும் வேட்டிகளை நீளவாரியாக மாற்றிப் போட்டிருக்கிறேன். கோயில் அன்னதானப் பந்தியில் வயது பார்த்து ஆட்களை இடம் மாற்றி உட்கார வைக்கப் போய், ஒரு பெரியவரிடம் குடையால் அடி வாங்கியிருக்கிறேன். (வலது தோள். லேசான அடிதான்.) இதற்கு மருந்தே இல்லை என்று என் மனைவி செல்லம்மா நாற்பது வருடமாகச் சொல்லி வருகிறாள். அவளுக்குச் சொல்ல உரிமை இருக்கிறது. இந்த வியாதியால் வேலை இழந்தவர் அவளுடைய அப்பா.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. கிள்ளானில் பிறந்து, ஏழாம் வகுப்பு வரை இங்கிலீஷ் படித்து, கோலாலம்பூரில் ஓர் அரசாங்கப் பட்டறையின் அலுவலகத்தில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, சேர்ந்திருந்தேன். (எந்த இலாகா என்று கேட்காதீர்கள். பென்ஷன் இன்னும் அங்கிருந்துதான் வருகிறது.) தலையில் எண்ணெய், சட்டைப் பையில் இரண்டு பேனா. ஒன்றில் மை கிடையாது, அது மரியாதைக்கு. பட்டறை ஆட்களின் பதிவேட்டை நான்தான் எழுதினேன். யார் எந்த வருடம் சேர்ந்தார், எங்கே பிறந்தார் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். அரசாங்கமே என் பதிவேட்டின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளைக்காரர் ஆண்ட மலாயாவில் ரப்பர் விலையும் ஈய விலையும் சரிந்த காலம் அது. அரசாங்கம் ஒரு முடிவெடுத்தது. எல்லா இலாகாவிலும் ஆட்களைக் குறைக்க வேண்டும், கடல் தாண்டி வந்தவர்களை முதலில் குறைக்க வேண்டும், ஊர் திரும்ப அவர்களுக்குக் கப்பல் டிக்கெட் இலவசம்.

எங்கள் ஆட்கள் குடியிருந்த பிரிக்பீல்ட்ஸ் பேட்டையில் அந்தச் செய்தி வந்த வாரம் நன்றாக நினைவிருக்கிறது. யாரும் கத்தவில்லை. காப்பிக் கடையில் ஒருவர் பேப்பரை உரக்கப் படிப்பார், பத்துப் பேர் கேட்பார்கள். முடித்ததும், "இன்னொரு தடவ படிங்கண்ணே" என்பார்கள். இரண்டாவது தடவை படித்தால் செய்தி மாறிவிடும் என்று ஒரு நம்பிக்கை. வீட்டுக்கு வீடு கட்டிலும் தையல் மிஷினும் ஆட்டுக்கல்லும் விற்பனைக்கு வாசலுக்கு வந்தன. எல்லோரும் விற்றால் வாங்குவது யார்? இரண்டு நாள் கழித்து ஆட்டுக்கல்லை மறுபடி உள்ளே உருட்டிக்கொண்டு போனார்கள்.

அதைவிடக் கொடுமை, ஆட்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தது. அதுவரை குழாயடியில் தண்ணீருக்குச் சண்டை போட்டவர்கள் இப்போது பிறந்த ஊருக்குச் சண்டை போட்டார்கள். "வந்தவங்க போனாத்தான் எங்க புள்ளைங்களுக்கு வேலை கெடைக்கும்" என்றது ஒரு கட்சி. "நாங்க போட்ட ரோட்டுல நடந்துக்கிட்டு எங்களையே போகச் சொல்றியா?" என்றது இன்னொரு கட்சி. ஒரே வீட்டுக்குள்ளும் இந்தக் கோடு விழுந்தது. எங்கள் பட்டறை மண்டோர் மாணிக்கம், அதாவது கூலி ஆட்களுக்குத் தலைவர், தஞ்சாவூர்ப் பக்கம் பிறந்து முப்பது வருடத்துக்கு முன் கப்பலேறி வந்தவர். மனைவி இறந்துவிட்டார். ஒரே மகள் பிரிக்பீல்ட்ஸிலேயே பிறந்தவள். அரசாங்கக் கணக்கில் மகள் உள்ளூர், அப்பா வெளியூர்.

அந்த மகள்தான் செல்லம்மா. அவளைத்தான் எனக்குப் பேசியிருந்தார்கள். தை மாதம் நிச்சயதார்த்தம். அதற்காகப் புதுப் பித்தளைத் தாம்பாளம்கூட வாங்கியாகிவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மாணிக்கம் வீட்டுப் பின்புறத்து ரம்புத்தான் மரத்தடியில் பட்டறை ஆட்கள் நாற்பது பேருக்கு மேல் கூடினார்கள். இரண்டு கட்சியும் வந்திருந்தது, அது மாணிக்கத்தின் குரலுக்கு இருந்த மரியாதை. பிறந்த ஊரைப் பார்த்து ஆளைக் குறைக்காதீர்கள் என்று அரசாங்கத்துக்கு ஒரு மனு கொடுப்பது என்று பேசினார்கள்.

"எதுக்கும் பத்துமலை முருகனுக்கும் மனுவுல ஒரு காப்பி குடுத்துருவோம்" என்றார் ஒருவர். யாரும் சிரிக்கவில்லை. அவரும் வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

மனுவை இங்கிலீஷில் நான் எழுதுவது என்று முடிவானது. சிக்கல் கையெழுத்தில் வந்தது. முதல் கையெழுத்து யார் போடுவது? முதல் பேர் யாரோ அவர்தான் தூண்டிவிட்டவர் என்று எங்கள் பட்டறைத் துரை நினைப்பார், முதல் சீட்டு அவருக்குத்தான் கிழியும். ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ரம்புத்தான் மரத்தைப் பார்த்தார்கள்.

மாணிக்கம் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "செல்லம்மா, அந்தத் தாம்பாளத்தக் கொண்டா."

பட்டறையிலிருந்து கொண்டு வந்திருந்த பெரிய வரைபடத் தாளின் மேல் தாம்பாளத்தைக் கவிழ்த்து, பென்சிலால் சுற்றிக் கோடு போட்டார்.

"நடுவுல நம்ம கோரிக்கை. சுத்தி நம்ம பேரு. வட்டத்துக்கு எது தல, எது காலு? எவன் முதல்ல போட்டான்னு எந்தத் துரையும் கண்டுபிடிக்க முடியாது."

எல்லோருக்கும் மூச்சு வந்தது. எழுதத் தெரிந்தவர்கள் எழுதினார்கள், தெரியாதவர்கள் கட்டைவிரலை உருட்டினார்கள். ஒரு சந்தில் நானும் போட்டேன். என்னையும் சேர்த்து நாற்பத்து மூன்று பேர். செல்லம்மா கொண்டு வந்த காப்பியில் இரண்டு சொட்டும் அதில் சேர்ந்துகொண்டது.

"மாப்ள, இத அப்படியே கொண்டு போய்க் குடுத்துரு" என்றார் மாணிக்கம்.

அப்படியே. அந்தச் சொல் இன்றும் என் காதில் இருக்கிறது.

திங்கட்கிழமை காலை அந்தத் தாளை என் மேசையில் விரித்தேன். பாதிப் பெயர்கள் தலைகீழாக நிற்கின்றன. படிப்பதென்றால் துரை மேசையைச் சுற்றி நடக்க வேண்டும். காப்பிக் கறை வேறு. பார்க்கிற துரை என்ன நினைப்பார்? இந்த ஆபீசில் உருப்படியான ஒரு கிராணி இல்லை என்றுதானே நினைப்பார்? (பாருங்கள், ஊரே கப்பலேறப் போகிறது, எனக்கு என் டைப்பிங்கைப் பற்றிக் கவலை.)

ஒரு நல்ல பிரதி எடுப்பதில் தவறில்லை என்று பட்டது. டைப்ரைட்டரில் தாளைச் செருகினேன். மேலே மனு. கீழே பெயர்கள். பெயர் என்று வந்துவிட்டால் எண் வேண்டும். எண் என்று வந்துவிட்டால் ஏதாவது ஒரு முறை வேண்டும். அலுவலக முறை, சேர்ந்த வருடப்படி மூத்தவர் முதலில். பதிவேட்டைத் திறந்தேன். சேர்ந்த வருடத்துக்கு ஒரு பத்தி போட்டேன். பக்கத்தில் கொஞ்சம் இடம் வெறுமையாக இருந்தது, கண்ணை உறுத்தியது. அங்கே பிறந்த ஊரைப் போட்டேன். சிவப்பு மையில் கோடு இழுத்தேன். வரிசை எண் ஒன்று, மாணிக்கம், தஞ்சாவூர். கடைசி எண் நாற்பத்து மூன்று, நான், கிள்ளான். பணிவு என்றால் இதுதான் என்று என்னையே மெச்சிக்கொண்டேன்.

எங்கள் பெரிய கிராணி கந்தையா யாழ்ப்பாணத்துக்காரர். அன்று பல் பிடுங்கப் போயிருந்தார். அவர் இருந்திருந்தால் அவர் கையில் கொடுத்திருப்பேன். இல்லாததால் நானே நேராகத் துரையிடம் கொண்டு போனேன். துரை மனுவைப் படிக்கவில்லை. விரலை வைத்துப் பட்டியலைப் படித்தார். முகம் மலர்ந்தது. "பாகுஸ்" என்றார். வெள்ளைக்காரர் வாயால் மலாயில் பாராட்டு. நான் தரையில் நடக்காமல் வெளியே வந்தேன்.

மத்தியானம் கன்னம் வீங்கி, வாயில் பஞ்சோடு கந்தையா வந்தார். துரை கூப்பிட்டு ஏதோ சொன்னார். திரும்பி வந்து என் எதிரே நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார்.

"தம்பி, அந்த லிஸ்டை நீரோ அடிச்சனீர்?"

"ஆமாங்க சார்." (கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.)

"சேர்ந்த வருசம், பிறந்த ஊர் எல்லாம் போட்டனீரோ?"

"எல்லாம் போட்டேன் சார். சிவப்புக் கோடுகூட."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "இதே லிஸ்டைத்தான் மேலிடம் மூண்டு கிழமையாக் கேக்குது. ஆரைக் குறைக்கிறதெண்டு பாக்க. நான் ஒருநாள் ரெஜிஸ்டரைக் காணேல்லை எண்டன். ஒருநாள் ரிப்பன் முடிஞ்சுது எண்டன். இண்டைக்குச் சொல்ல ஒண்டும் இல்லாமல் போய்ப் பல்லைப் புடுங்கினன்." பஞ்சைச் சரிசெய்துகொண்டார். "அந்தப் பல்லிலை ஒரு வருத்தமும் இல்லைத் தம்பி. நல்ல பல்லு."

துரையிடம் ஓடினேன். அந்தத் தாளைத் திருப்பிக் கொடுங்கள், வேண்டுமானால் மாணிக்கத்தை எடுத்துவிட்டு என்னை அனுப்புங்கள் என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷையெல்லாம் கொட்டினேன். தாள் மேலிடத்துக்குப் போய்விட்டது என்றார் துரை. என்னை அனுப்ப முடியாதாம், ஒழுங்காகப் பட்டியல் போடத் தெரிந்த ஒரே ஆள் நான்தானாம். என் சர்வீஸ் புத்தகத்தில் "நேர்த்தியான வேலை" என்று ஒரு வரியும் எழுதினார். என் வாழ்நாளில் அரசாங்கம் என்னைப் பாராட்டியது அந்த ஒருமுறைதான்.

இரண்டு வாரத்தில் பதினோரு பேருக்குச் சீட்டு வந்தது. முதல் சீட்டு மாணிக்கத்துக்கு.

"நீர் அடிக்காட்டிலும் வேறை ஆரோ அடிச்சிருப்பான்" என்று கந்தையா சமாதானம் சொன்னார். கொஞ்சம் யோசித்தார். "ஆனா அவன் சம்பளத்துக்கு அடிச்சிருப்பான். நீர் ஆசைக்கு அடிச்சுப்போட்டீர்."

அன்று சாயங்காலம் மாணிக்கம் வீட்டு வாசலில் நின்றேன். வெட்கமாக இருந்தது. இதை எழுதும்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது. நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். சமையலறைக் கதவுக்குப் பின்னாலிருந்து செல்லம்மாவின் குரல் வந்தது.

"அப்பா, நம்ம தாம்பாளத்துல வட்டம் போட்டது எதுக்குன்னு அந்த ஆள்கிட்ட கேளுங்க."

மாணிக்கம் அதைக் கேட்கவில்லை. "ஏன் கிராணி, என் பேர எதுக்கு முதல்ல போட்ட?" என்றார். மாப்ள போய்க் கிராணி ஆகியிருந்தேன்.

"நீங்கதான் சீனியர், மாமா."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அப்புறம் சொன்னார். "முப்பது வருசமா அந்தப் பட்டறையில எதுலயும் என்னை எவனும் முதல்ல வச்சதில்ல. நீ வச்சுட்ட. அதுவும் இதுல." சிரிக்க முயன்றார், வரவில்லை.

கப்பல் போர்ட் ஸ்வெட்டன்ஹாமிலிருந்து. இன்று போர்ட் கிள்ளான் என்கிறோமே, அதேதான். பதினோரு பேரும் குடும்பங்களும் ரயிலில் போனார்கள். நானும் தகரப் பெட்டி தூக்கப் போனேன், வேறு என்ன செய்வது? கல்யாணம் வரை செல்லம்மா அடுத்த வீட்டில் தங்கட்டும் என்று மாணிக்கம் ஏற்பாடு செய்திருந்தார். அந்தக் கல்யாணம் என்னோடுதானா என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

கப்பல் துறையில் ஒரு கிராணி நின்று பட்டியலைப் பார்த்துக் கூப்பிட்டார். அதே வரிசை. தாள் ஓரத்தில் சிவப்புக் கோடு தெரிந்தது.

"நம்பர் ஒண்ணு, மாணிக்கம்."

"அவனுக்குக் கைக்குழந்தை இருக்கு. அவன் முதல்ல ஏறட்டும்" என்று பின்னால் நின்றவரைத் தள்ளிவிட்டார் மாணிக்கம். மறுபடி கூப்பிட்டார்கள். "இவருக்கு முட்டி வலி, நிக்க முடியாது." மறுபடி. "அந்தம்மா அழுவுது, முதல்ல ஏத்துங்க." இப்படியே பத்துப் பேரும் ஏறிவிட்டார்கள். துறையில் அவரும் நானும் தகரப் பெட்டியும்தான் மிச்சம்.

"ஏறுங்க பெரியவரே" என்றார் அந்தக் கிராணி.

மாணிக்கம் பெட்டியின் மேல் உட்கார்ந்தார். "என் முறை இன்னும் வரல தம்பி."

டிக்கெட் இலவசம்தான், ஏறியே ஆக வேண்டும் என்று சட்டம் இல்லை. அந்தக் கிராணி தோளைக் குலுக்கிவிட்டுப் போனார். ஏணியை எடுத்தார்கள். மேல்தளத்திலிருந்து "மண்டோரே, மண்டோரே" என்று நம் ஆட்கள் கூப்பிட்டார்கள். பலர் பட்டறை தவிர வேறு எதுவும் தெரியாதவர்கள், ஊரில் யார் இருக்கிறார்கள் என்றுகூடத் தெரியாதவர்கள். கப்பல் மறையும் வரை மாணிக்கம் கையைத் தூக்கியபடி நின்றார். அவர் அழுது நான் பார்த்தது அன்று மட்டும்தான். நானும் அழுதேன், எனக்கு அதற்கு யோக்கியதை இல்லை என்றாலும்.

பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"உன் லிஸ்ட்ல நான் நம்பர் ஒண்ணு. சரியா?"

"சரி மாமா."

"குவார்ட்டர்ஸ் போச்சு. இனிமே உன் வீட்டுலதான் இருப்பேன். அங்கயும் நான்தான் நம்பர் ஒண்ணு. பெட்டியத் தூக்கு, மாப்ள."

தை மாதம் நிச்சயதார்த்தம் நடந்தது, அதே தாம்பாளத்தில். பென்சில் கோடு இன்னும் அழியாமல் இருந்த விளிம்பைச் செல்லம்மா என் பக்கமாகத் திருப்பி வைத்திருந்தாள்.

இருபத்திரண்டு வருடம் மாமா எங்களோடு இருந்தார். காலைப் பேப்பர் முதலில் அவருக்கு. குளியலறை முதலில் அவருக்கு. சாப்பாட்டுக்கு உட்காரும்போது "நம்பர் ஒண்ணு வந்தாச்சு" என்று குரல் கொடுப்பார். பிள்ளைகள் பிறக்கப் பிறக்க இரண்டு, மூன்று, நான்கு என்று எண் கொடுத்தார். எனக்கு மட்டும் பழைய எண்தான். "நீயா போட்டுக்கிட்டது, நான் மாத்தக் கூடாது லா" என்பார். எங்கள் வீட்டுக் கல்யாணப் பத்திரிகைகளில் பெரியவர்கள் பெயரை வட்டமாகத்தான் அச்சடிக்கிறோம். அச்சகக்காரர் ஒவ்வொரு முறையும் தலையில் அடித்துக்கொள்கிறார்.

மாமா போய் வருடங்கள் ஆகிவிட்டன. இப்போது இந்த வீட்டில் மூத்தவன் நான்தான். ஆனால் செல்லம்மா முதல் கரண்டிச் சோற்றை அவர் படத்துக்கு முன்னால் வைக்கிறாள். பிறகு பிள்ளைகள், மருமகள்கள், பேரப்பிள்ளைகள், பின்வாசல் பூனை. எல்லோருக்கும் ஆன பிறகு "நாற்பத்து மூணு, வாங்க" என்று கூப்பிடுகிறாள். நான் ஒருநாளும் ஏன் என்று கேட்டதில்லை. நேற்றும் என் முறை வரும்போது ரசம் ஆறியிருந்தது.