செண்பகவல்லி ஏறிப் பார்த்த பேய்க்கப்பல்

ஒரு காட்டில், அதாவது ஆறு கடலில் கலக்கும் இடத்தில் சேறும் வேருமாகக் கிடந்த ஓர் அலையாத்திக் காட்டில், செண்பகவல்லி என்றொரு நீர்நாய் இருந்தாள். அவள் கணவன் மாசிலாமணி மூன்று வருடத்துக்கு முன்பு ஒரு பனிக்காலக் காலையில் மீன் பிடிக்கப் போனவன், திரும்பவில்லை. பேய்க்கப்பல் கொண்டுபோய்விட்டது என்று காடே சொன்னது.

அந்தக் கப்பலைப் பற்றித் தெரியாதவர் அங்கே கிடையாது. மார்கழி மூடுபனியில் வரும், மாலுமி இருக்கமாட்டான், பார்த்தவரை உயிரோடு விடாது. அப்படியானால் பார்த்ததை யார் வந்து சொன்னது என்று செண்பகவல்லி ஒருமுறை கேட்டாள். நரி அவளைப் பரிதாபமாகப் பார்த்து, "துக்கத்துல இருக்கே, இப்படித்தான் பேசத் தோணும்" என்றது.

அவளுக்குக் கவலை வேறு. குடியிருந்த வளை மாசிலாமணி பெயரில் இருந்தது. உரியவர் இல்லாத வளைகளைப் பொங்கலுக்குள் திரும்ப எடுத்துக்கொள்வதாகக் காட்டு அலுவலகம் நோட்டீஸ் ஒட்டிவிட்டது. மூன்று குட்டிகளோடு எங்கே போவாள்? ஆமைக்குப் பின்னால் வரிசையில் நின்று, அது நகர்ந்து முடிந்ததும், அதிகாரி கூழைக்கடாவிடம், வளையைத் தன் பெயருக்கு மாற்றித் தரக் கேட்டு மனுவை நீட்டினாள்.

கூழைக்கடா நிதானமாகப் படித்தார். "செத்துட்டார்னா உடம்பைக் காட்டணும். காணாமப் போயிட்டார்னா ஏழு வருஷம் காத்திருக்கணும். நீங்க பேய்க்கப்பல்னு எழுதியிருக்கீங்க. அப்படி ஒண்ணு இருக்கா இல்லையான்னு ஆபீசுக்கு இன்னும் தெரியாதும்மா."

"விசாரிக்க மாட்டீங்களா?"

"விசாரிப்போம். சாட்சி கேட்போம்."

அவளுக்குப் பொறுமை இல்லை. தினமும் விடியலில் போய்ச் சேற்றுத்திட்டில் உட்கார்ந்தாள். பதினோராம் நாள் பனிக்குள்ளிருந்து கறுப்பாக ஒன்று, சத்தமே இல்லாமல் வந்தது. குட்டிகளை நினைத்துக்கொண்டு தண்ணீரில் பாய்ந்தாள். துருப்பிடித்த சங்கிலியைப் பற்றி மேலே ஏறினாள்.

எங்கேயோ கயிறு அறுந்து வந்த பழைய சரக்குப் படகு அது. கடல் இறங்கும்போது வெளியே போகும், ஏறும்போது உள்ளே வரும். மேல்தளத்தில் மீன் காயப்போட்டிருந்தது. பக்கத்தில் மாசிலாமணி குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

முதலில் அவளுக்கு அழுகை வந்தது. பிறகு அவன் தொந்தியைப் பார்த்தாள். அழுகை நின்றுவிட்டது.

"இந்தக் கப்பல் உங்களைப் பிடிச்சு வெச்சிருக்கா?"

அவன் விழித்து, எழுந்து உட்கார்ந்து, வாலைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "இல்லை செம்பகம். நானாத்தான் ஏறினேன். ரெண்டு நாள்ல திரும்பி வந்தேன். கரைகிட்ட எல்லாரும் கூடி என்னைப் பத்திப் பேசிக்கிட்டிருந்தாங்க. தங்கமான ஆளுன்னு நரி கண்ணைத் துடைச்சுது. இருந்தப்ப ஒருத்தரும் அப்படிச் சொன்னதில்லை. நடுவுல போய் நிக்க மனசு வரலை. அப்புறம் ஒவ்வொரு நாளும் வர்றது இன்னும் கஷ்டமாயிடுச்சு."

அவள் அவன் கழுத்தைக் கவ்வித் தண்ணீரில் தள்ளி, நேராக அலுவலகத்துக்கு இழுத்துவந்தாள்.

அவள் வாயைத் திறக்கும் முன்பே கூழைக்கடா முத்திரை வைத்த தாளை எடுத்தார். "உங்க வேலை முடிஞ்சுதும்மா. பதினேழு பேர் சாட்சி சொல்லியாச்சு. கப்பல் உண்மை, ஏறினவங்க எல்லாரும் இறந்தவங்கன்னு உத்தரவு வந்திருக்கு. வளை உங்க பேருக்கு மாறிடுச்சு."

"சார், அது பேயும் இல்லை ஒண்ணும் இல்லை. பழைய படகு. இவர்தான் மாசிலாமணி."

"பார்க்காத பதினேழு பேரும் ஒரே மாதிரி சொல்றாங்க. நீங்க ஒருத்தர் வேற மாதிரி சொல்றீங்க. நான் எதை எழுதறது?" கூழைக்கடா பேனாவைத் திறந்தார். "சரி, எழுதிக்கறேன். நீங்க அந்தக் கப்பல்ல ஏறினீங்களா? யோசிச்சுச் சொல்லுங்க. ஏறினதா எழுதினா உத்தரவுப்படி நீங்களும் இறந்தவங்க. வளையும் போயிடும்."

ஈரம் சொட்டச் சொட்ட நின்ற செண்பகவல்லி குட்டிகளை நினைத்தாள்.

"இல்லை சார். கேள்விப்பட்டதுதான்."

"அப்போ இங்கே கையெழுத்துப் போடுங்க. பதினெட்டாவது சாட்சி."

போட்டாள்.

"அப்போ நான்?" என்றான் மாசிலாமணி. கூழைக்கடா அவனைத் தாண்டிப் பார்த்து, "அடுத்தவர்" என்றார்.

தாளை வாயில் கவ்வியபடி அவள் விறுவிறுவென்று நடந்தாள். அவன் பின்னாலேயே வந்தான். "செம்பகம், வீட்டுக்கு வரட்டுமா?"

அவள் நின்று, தாளைக் கீழே வைத்தாள். "வளை என் பேர்ல இருக்கு. வாசல்ல நில்லுங்க. குட்டிங்களைக் கேட்டுட்டுச் சொல்றேன்."

நீதி: பேய்க்கப்பலைக் கண்ணால் கண்டவர், அதைக் கேள்விப்பட்டதாக மட்டுமே சொல்லவும். உயிரோடு இருக்க வேறு வழியில்லை.