மார்பில் கை வைத்த மாப்பிள்ளை

மாமனார் பதில் சொல்லாதது மாப்பிள்ளைக்குப் புதிதல்ல. கல்யாணமான நாளிலிருந்து அவர் இவனிடம் பேசுவதென்றால் சுவரைப் பார்த்துத்தான் பேசுவார். அதனால், "ஃபேனைக் குறைக்கவா மாமா?" என்று மூன்று தடவை கேட்டும் பதிலில்லை என்றதும் இவனுக்குக் கோபம்தான் வந்தது.

அவர் கையிலிருந்த பேப்பர் நழுவி விழுந்தது. தலை சாய்ந்தது. உலுக்கிப் பார்த்தான். அசைவில்லை.

அவசர எண்ணைப் போட செல்போனைத் தொட்டதுதான் தாமதம், மணிகூட அடிக்கவில்லை, ஒரு பெண்குரல் வந்துவிட்டது.

"வணக்கம் சார், நாங்க..."

"என் மாமனாருக்கு மூச்சுப் பேச்சே இல்ல!"

எதிர்முனை ஒரு கணம் திகைத்தது. பிறகு, "ஸ்பீக்கர்ல போடுங்க சார். அவரைத் தரையில மல்லாக்கப் படுக்க வைங்க."

"அட்ரஸ் சொல்லணுமே!"

"எங்ககிட்டயே இருக்கு. பக்கத்து சீட்ல வண்டிக்குச் சொல்லிட்டிருக்காங்க."

இப்படியும் ஒரு சேவையா என்று வியக்க நேரமில்லை. மாமனாரை சோபாவிலிருந்து இழுத்தான். கனத்த சரீரம். பாதியில் கைநழுவித் தொப்பென்று விழுந்தார். சத்தம் கேட்டு மாமியார் சமையலறையிலிருந்து ஓடி வந்தார்.

"மாப்பிள்ளை! அவரை ஏன் கீழ தள்றீங்க?"

"அத்தை, மூச்சு இல்ல!"

அந்த நேரம் பார்த்து மாமனார் 'கர்ர்' என்றார்.

"குறட்டை விடறார் பாருங்க! அசந்து தூங்கற மனுஷனைப் போய்..."

"அது மூச்சு இல்லம்மா, இதயம் நின்னா இப்படித்தான் சத்தம் வரும்," என்றது போன். "சார், நெஞ்சு நடுவுல ரெண்டு கையையும் வச்சு, பலமா, வேகமா அமுக்குங்க."

இந்த மனிதருக்கு எதிரில் உட்காரவே யோசிப்பவன் அவன். கண்ணை மூடிக்கொண்டு அமுக்கினான்.

"இன்னும் பலமா!"

உள்ளே எதுவோ 'மடக்' என்றது.

"ஐயோ, எலும்பு! இத்தனை வருஷம் மனசுல வச்சிருந்ததை இன்னிக்குத் தீர்த்துக்கறீங்களா?" மாமியார் வாசலுக்கு ஓடினார். "யாராவது வாங்களேன்! மாப்பிள்ளை என் வீட்டுக்காரரைக் கொல்றார்!"

எதிர்வீட்டு டிரைவர் வந்த வேகத்தில் இவனைக் கட்டிப்பிடித்துத் தூக்கினார். "எனக்கும்தான் மாமனார் இருக்கார். நான் என்ன இப்படியா பண்றேன்?"

"அவரை விடுங்க சார்!" போன் போட்ட அதட்டலில் டிரைவரின் பிடி தளர்ந்தது. "எலும்பு ஒட்டிக்கும், உயிர் ஒட்டாது! நிறுத்தாம, மாத்தி மாத்தி அமுக்குங்க!"

இருவரும் முறை வைத்து அமுக்கினார்கள். மாப்பிள்ளைக்கு வேர்த்துக் கொட்டியது. தோள் கழன்றுவிடும் போலிருந்தது.

"எந்திரிங்க மாமா! என்னைத் திட்டறதுக்காவது எந்திரிங்க!" என்று அழுதேவிட்டான். அவர் இல்லாத வீட்டை அவனால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

ஆம்புலன்ஸ்காரர்கள் வந்தார்கள். கருவியை மார்பில் ஒட்டி மின்அதிர்ச்சி கொடுத்தார்கள், மறுபடி அமுக்கினார்கள். கடைசியில் ஒருவர் நிமிர்ந்தார்.

"துடிப்பு வந்துடுச்சு. நீங்க விடாம அமுக்கினதாலதான் பொழச்சார்."

மாமியார் மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஸ்ட்ரெச்சர் படியிறங்கியது. செல்போனை எடுத்தான். லைன் இன்னும் துண்டிக்கப்படவில்லை.

"மேடம், பொழச்சுட்டார்! உங்க ஆம்புலன்ஸ் ஆபீஸையே மறக்க மாட்டேன்!"

"அப்பாடா!" மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "ஆனா நாங்க ஆம்புலன்ஸ் இல்ல சார். முதலுதவி எங்க ஆபீஸ்ல கத்துக்குடுத்தது. வாஷிங் மெஷின் சுத்தலைன்னு கம்ப்ளெயின்ட் குடுத்திருந்தீங்களே, மெக்கானிக் நாளைக்கு வரலாமான்னு கேக்கத்தான் நான் கூப்பிட்டேன்."