மோட்டார் கடைசியில்

கம்ப்யூட்டரைப் போட்டதுதான் தாமதம், எண்ணும் மெஷின் ராக்கெட் லேபிள்களை அச்சகம் முழுக்க வாரி இறைத்தது. திரையில் எண்ணிக்கை பூஜ்யத்திலேயே நின்றது.

"ஏம்மா இசைவாணி, எண்ணச் சொன்னா வீசுதே!" என்றார் முதலாளி ரத்தினசாமி, நெற்றியில் ஒட்டிய லேபிளைப் பிய்த்தபடி.

2006 தீபாவளி சீசன். கம்ப்யூட்டர் புதுசு, விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட்டது. அதற்கும் மெஷினுக்கும் நடுவே பேசவேண்டிய டிரைவர் என்ற நிரலை, வாசலில் ஃபோன் எடுக்கும் இசைவாணிதான் எழுதியிருந்தாள். தாயில்பட்டி பட்டாசு ஆலைக்கு மறுநாள் லோடு போயாக வேண்டும்.

"எண்ணுறதுக்குத் தயாராகு முன்னாடியே மோட்டார் ஓடிருச்சு அண்ணாச்சி. வரிசைய மாத்துறேன்."

நூறு லேபிளுக்கு ஒரு சிக்னல் தரும் மெஷின் அது. சிக்னலை வாங்கும் பகுதியை மோட்டாருக்கு முன்னால் கொண்டுவந்தாள். எண்ணிக்கையை எழுதிவைக்க நினைவகம் ஒதுக்குவது பின்னால் போய்விட்டது. முதல் நூறு விழுந்ததும் கம்ப்யூட்டர் உறைந்தது. மெஷின் மட்டும் நிற்கவே இல்லை. கட்டுப் போடும் இருளம்மாள் பாய்ந்து வயரைப் பிடுங்கினாள்.

இசைவாணி நினைவகத்தை முன்னால் நகர்த்தினாள். இந்த முறை ஒரு தாள்கூட அசையவில்லை. திரையில் தொண்ணூறாயிரம்!

"அதுக்குள்ள அம்புட்டையும் எண்ணிருச்சா!" ரத்தினசாமி பூரித்துப் போனார்.

"இல்ல அண்ணாச்சி. மெஷின் வயரைச் சொருகுற கார்டுல தங்கிப்போன பழைய சிக்னல். தொடைக்காம விட்டுட்டேன். எண்ணி முடிஞ்சதுன்னு நெனச்சு மோட்டார் ஓடல."

பூரிப்பு வடிந்தது. "போதும் தாயி. மெட்ராஸ் மெஷின் கம்பெனிக்கு ஃபோன் போட்டாச்சு. நாளைக்கு என்ஜினியர் வர்றாரு. அவுக படிச்சவுக. நீ வாசல்ல ஃபோன் எடுக்கப் போயிரு."

இசைவாணிக்குச் சுருக்கென்றது. போகவில்லை. ஒரு லேபிளின் பின்பக்கம் எழுதினாள்: முதலில் கார்டை ரீசெட். பழைய சிக்னலைத் துடை. நினைவகம். வாங்கும் பகுதி. அதற்கப்புறம் சிக்னலைத் திற. மோட்டார் கடைசியில்.

அதே வரிசையில் நிரலைத் திருத்தி ஓட விட்டாள்.

மெஷின் ஒரு கணம் சும்மா இருந்தது. பிறகு தடதடவென்று ஓடி, கட்டு கட்டாகத் தள்ளியது. இருளம்மாள் ஒன்றைப் பிரித்துக் கையால் எண்ணினாள்.

"நூறு! சரியா நூறு இருக்கு தாயி!"

சாயங்காலத்துக்குள் லோடு ஏறிவிட்டது. ரத்தினசாமி மெட்ராசுக்கு ஃபோன் போட்டு, எல்லோரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரையும் தட்டினார்.

"சார், நீங்க வர வேண்டாம். எங்க பொண்ணே லினக்ஸுக்கு டிரைவர் எழுதி ஓட விட்டுருச்சு!"

மறுமுனையில் என்ஜினியரின் குரல் கெஞ்சியது:

"சார், அதை அப்படியே எனக்கு அனுப்பச் சொல்லுங்க. எங்க கம்பெனியில லினக்ஸுக்கு டிரைவரே கிடையாது, நாளைக்கு அங்க வந்து என்ன பொய் சொல்றதுன்னுதான் காலையிலேருந்து முழிச்சிட்டு இருக்கேன்."